சோலைபாடிகள் கடல் தாண்டிய சனிக்கிழமை

"மேடம், இன்னிக்குத்தான்லா! தவுக்கே பூசைக்குச் சொல்லிட்டான். பத்து மணிக்கு. எங்க இருக்கீங்க?"

கால்வின் போனில் இப்படிக் கத்தியபோது மாதுமை ஈப்போவில் தன் வீட்டில் ரொட்டிக்குக் காயா ஜாம் தடவிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை, காலை ஏழேகால். ரொட்டி தட்டிலேயே கிடந்தது. தெலுக் இந்தானுக்கு ஒன்றரை மணி நேர ஓட்டம். அவள் ஒரு மணி பத்து நிமிஷத்தில் போய் நின்றாள். வழியில் எத்தனை கேமரா படம் பிடித்ததோ, சம்மன் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

மாதுமை வனவிலங்கு இலாகாவில் அமலாக்க அதிகாரி. டாக்டர், லாயர், கணக்காய்வாளர் என்று வரிசை கட்டி நிற்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் ஒருத்தி மட்டும் காட்டுப் பக்கம் போனால் சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் யாராவது ஒரு மாமி பிடித்துக்கொள்வார். "இன்னும் குருவிதான் பிடிக்கிறியோ பிள்ளை?" என்பார். "குருவி பிடிக்கிறவனைப் பிடிக்கிறன் மாமி" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது.

கால்வின் அதே இலாகாவில் ரேஞ்சர். ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்துக்குப் போகிற மனுஷன்தான், ஆனால் பேராக்கில் எந்தத் தோட்டத்துக் கோயிலில் என்றைக்குக் கிடா வெட்டு என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்லுவார். இந்த வேலைக்கு அது எவ்வளவு பெரிய படிப்பு என்று மாதுமைக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

தவுக்கே, அதாவது முதலாளி, என்பது கனகராஜ். செம்பனை எண்ணெய்த் தோட்டக் குத்தகைக்காரன், ஆறு லோரிக்குச் சொந்தக்காரன். மேலே பார்த்தால் உர மூட்டை, செம்பனைக் குலை. உள்ளே பார்த்தால் குருவி! மூராய் பத்து என்று ஊரெல்லாம் சொல்கிற சோலைபாடி. கறுப்பு முதுகு, செம்மண் நிற வயிறு, உடம்பைவிட நீளமான வால். வாயைத் திறந்தால் நிறுத்தாமல் பாடும், அந்தப் பாட்டுத்தான் அதற்கு எமன். கடலுக்கு அக்கரையில் இருக்கிற சுமத்திராவில் குருவிப் பாட்டுப் போட்டி என்றால் ஜனங்களுக்கு வெறி. நல்ல ஆண் குருவிக்கு மோட்டார் சைக்கிளை விற்றுக் கொடுக்கிறவன்கூட இருக்கிறான்.

போன வருஷம் இதே ஆற்றங்கரையில் இருநூறு குருவிகளை இலாகாக்காரர்கள் பறிமுதல் செய்தார்கள். பேப்பரில் படம் வந்தது. படகோட்டி ஒருவன் ஜெயிலுக்குப் போனான். குருவிகளின் காலில் சின்ன வளையம் மாட்டிக் கோப்பெங் காட்டில் பறக்கவிட்டாள் மாதுமை. நாலே மாதம்! ஆயர் தாவாரில் ஒரு கொட்டகையைச் சோதித்தபோது அதே வளையங்களோடு பதினொரு குருவிகள் கூண்டில் உட்கார்ந்திருந்தன. அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அக்கரையில் வாங்குகிறவன் கைக்கு விலங்கு விழாத வரைக்கும் இக்கரையில் எத்தனை முறை பிடித்தாலும் இதுதான் கதி.

அந்த ஆத்திரத்தோடுதான் அவள் பேங்காக்கில் நடந்த பயிற்சிக்குப் போனாள். நாலு நாட்டு அதிகாரிகள், மூன்று நாள், குளிர்சாதன மண்டபம். முதல் நாள் முழுக்க வரவேற்புரை. இரண்டாம் நாள் வரவேற்றவர்களுக்கு நன்றியுரை. ஒருங்கிணைப்பு, ஒத்துழைப்பு என்று பேசினார்களே தவிர, ஒருவர் போன் நம்பரை இன்னொருவர் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்ற குட்டையான பெண் திரும்பி, மலாயில், "நீங்கள் அனுப்புகிறீர்கள், நாங்கள் வாங்குகிறோம். இரண்டு பேரும் தனித்தனியாக மீட்டிங் போடுகிறோம்" என்றாள். அவள்தான் யூலி. சுமத்திராவில் ஒரு துறைமுகத்தில் சோதனை அதிகாரி. மாதுமைக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

திட்டம் அந்தச் சாப்பாட்டு மேசையில் பிறந்தது. அடுத்த தடவை மாதுமை பிடிக்கக் கூடாது. பார்த்துக்கொண்டே விட வேண்டும். சரக்கு கடலைத் தாண்டி, வாங்குகிறவன் கைக்குப் போய்ச் சேர்ந்ததும் யூலி அமுக்குவாள். அதே நேரத்தில் இங்கே கனகராஜை மாதுமை அமுக்குவாள். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! மேலே போன கடிதம் எட்டு மாதம் ஊர் சுற்றிவிட்டு ஒரு நிபந்தனையோடு திரும்பி வந்தது. ஒரு தடவைதான் அனுமதி. சரக்கு தவறிப்போனால் இந்த ஏற்பாடே ரத்து, பொறுப்பு முழுக்க மாதுமையுடையது. அப்புறம் லைசென்ஸ் கவுண்டரில் உட்கார்ந்து ரப்பர் ஸ்டாம்பு குத்தலாம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்தே கடலுக்கு அனுப்பிய குருவிகளை நினைத்து எந்த இராத்திரி தூங்குவது?

சரக்கு எங்கே கரையேறும் என்று தெரியாததுதான் தலைவலி. சுமத்திராக் கரையில் ஆற்று வாய்க்கால்கள் நூறு இருக்கும். டிராக்கர் கருவியைக் கூடையில் ஒளிக்க முடியாது. கனகராஜின் ஆட்கள் ஒவ்வொரு கூடையையும் தடவிப் பார்ப்பவர்கள். ஆனால் அவன் ஆட்கள் கை வைக்கவே துணியாத சாமான் ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் கால்வின். கனகராஜ் சரக்கு அனுப்புகிற ஒவ்வொரு முறையும் பழைய ரப்பர்த் தோட்டத்து முனியாண்டி கோயிலில் பூசை போடுவான். பூசை முடிந்ததும் எலுமிச்சம்பழம், திருநீறு, ஒரு காசு வைத்த சிவப்புத் துணிப் பொட்டலத்தைப் பூசாரி கட்டிக் கொடுப்பார். அது படகின் மூக்கில் தொங்கியபடி அக்கரை போய், அங்கே சரக்கோடு சரக்காகக் கொட்டகை வாசலில் ஏறிவிடும். முனியாண்டி பொட்டலத்தை எவன் அவிழ்ப்பான்? அவிழ்த்தவன் வீடு விளங்குமா?

தோட்டத்தில் இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. கோயில் மட்டும், முன்பு காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்ட பழைய பிரட்டுக்களத்தின் ஓரத்தில் தகரக் கூரையோடு நிற்கிறது. பூசாரி தர்மா அங்கே பூ தொடுத்துக்கொண்டிருந்தார். கால்வினோடு ஒரே தோட்டப் பள்ளியில் படித்தவர். தீப்பெட்டி அளவு டிராக்கரைக் கால்வின் நீட்டியதும் அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அலமாக்! முனியாண்டி பொட்டலத்துல பேட்டரியா? மச்சான், நீ வேதக்காரன், உனக்கு ஒன்னும் ஆவாது. எனக்குத்தான் கையி விளங்காம போவும்."

"டேய், முனியாண்டி காவக்காரருதானடா? திருடனுக்கா காவல் நிப்பாரு?"

"அதை நீ சொல்லாத. அவரு சொல்லணும்."

"அப்ப அவரையே கேட்டுருவோம்" என்றாள் மாதுமை. சொல்லப்போனால் அவளுக்குமே உள்ளூர உதறல்தான். சாமி காரியத்தில் சாமியிடம் கேட்காமல் கை வைப்பதா? "பூக்கட்டிப் பாருங்க அண்ணே."

"மேடம், மணி ஒன்பதரை! தவுக்கே வந்துருவான்!" கால்வின் நின்ற இடத்திலேயே குதித்தார்.

"வரட்டும். கேக்காம வைக்க மாட்டேன்."

தர்மா வெள்ளைப் பூவை ஒரு வாழையிலைத் துண்டிலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் மடித்துக் கட்டி, சாமி காலடியில் உருட்டிப் போட்டார். வெள்ளை வந்தால் உத்தரவு. கோயில் கூட்ட வந்த பிரமிளா அக்காவைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். அந்த அக்கா துடைப்பத்தைக் கீழே வைத்து, கையைக் கழுவி, கண்ணை மூடி, என்னென்னவோ முணுமுணுத்து, எடுப்பதற்குள் மூன்று பேருக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

பிரித்தார்கள். வெள்ளை!

"குடுடா அதை" என்று தர்மாவே டிராக்கரைப் பிடுங்கினார். எலுமிச்சம்பழத்துக்கும் திருநீற்றுக்கும் நடுவில் வைத்து, ஒன்றுக்கு மூன்று முடிச்சாகப் போட்டார்.

லோரி பத்துக்குச் சரியாக வந்து பிரட்டுக்களத்தில் நின்றது. பின்னால் காலி உரச்சாக்குகளை மலை மாதிரி குவித்திருந்தார்கள். கனகராஜ் வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். கால்வின் கோயிலுக்குப் பின்னால் மறைந்துகொள்ள, மாதுமை தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வேண்டுதலுக்கு வந்தவள்போல் பிரமிளா அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். சுருட்டு வைத்தார்கள், தேங்காய் உடைத்தார்கள், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தர்மா கற்பூரத்தைத் தூக்கினார், பாருங்கள், அந்த நேரம் பார்த்து உரச்சாக்குக்கு அடியிலிருந்து ஒரு குருவி பாட ஆரம்பித்தது!

சும்மா ஒரு கீச்சு இல்லை. ஏற்றி, இறக்கி, சுழற்றி, கச்சேரி மேடையில் உட்கார்ந்த மாதிரி முழுப் பாட்டு. மாதுமைக்கு எழுந்து ஓடிச் சாக்கை இழுத்துப் போட்டுக் கூடைகளைத் திறந்துவிடக் கை துடித்தது. பத்தடி தூரம்தான்! விரலை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"மணியை அடிங்க பூசாரி! நல்லா அடிங்க!" என்று கத்தினான் கனகராஜ். தர்மா ஊரே கேட்க அடித்தார். பொட்டலத்தைக் கனகராஜ் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

பதினொன்றரைக்குப் படகு ஆற்றில் இறங்கியது. முப்பத்தெட்டுக் கூடைகள் என்று மறைவிலிருந்து எண்ணிச் சொன்னார் கால்வின். பிறகு அவர் கனகராஜின் வீட்டுத் தெருவுக்குப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். மாதுமை ஆற்றங்கரைக் கோப்பிக்கடைக்குப் போனபோது அங்கே அவளுடைய மேலதிகாரி மகேந்திரன் ஈப்போவிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார்.

மகேந்திரன் கெட்ட மனுஷன் இல்லை. ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம், பேர் கெடாமல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். ஆற்று முகத்தில் ரோந்துப் படகு ஒன்று அவருடைய ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது.

மாதுமையின் போனில் சிவப்புப் புள்ளி ஆற்றோடு நகர்ந்தது. ஒன்றேகால் மணிக்கு ரோந்துப் படகிலிருந்து அழைப்பு வந்தது. மகேந்திரன் போனைக் கையால் மூடிக்கொண்டு கேட்டார்.

"மாதுமை, படகு கண்ணுக்குத் தெரியுதாம். இப்பப் புடிச்சா நானூறு குருவி நம்ம கையில. சாயங்காலம் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடலாம். விட்டா கடலு. யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சாச்சு சார். விடுங்க."

"விடுறதா?"

"விடுங்க சார்!" பக்கத்து மேசையில் நூடல்ஸ் சாப்பிட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் விட்டார். ஒன்று நாற்பதுக்குச் சிக்னல் போய்ப் புள்ளி மறைந்தது. அது தெரிந்ததுதான். நடுக்கடலில் டிராக்கர் பேசாது, அக்கரை நெருங்கினால்தான் மறுபடி பேசும். காலையில் "இன்னிக்குத்தான்" என்றதற்கு உடனே "சரி" என்று பதில் போட்ட யூலிக்கு, "புறப்பட்டாச்சு" என்று வாட்சாப் அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தாள், ஒற்றை டிக். அரை மணி கழித்தும் அதே ஒற்றை டிக். கூப்பிட்டாள். யூலியின் போன் அணைக்கப்பட்டிருந்தது.

மணி இரண்டரை ஆயிற்று, மூன்று ஆயிற்று. கோப்பி ஐஸ் மூன்று குடித்துவிட்டாள். மூன்று இருபதுக்குப் புள்ளி மறுபடி உயிர் பெற்றபோது அவள் துள்ளியதில் மேசை ஆடியது.

துள்ளல் ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. அந்த நூறில் இங்கேதான் இருக்கும் என்று யூலி குறித்துவைத்திருந்தது மூன்று வாய்க்கால்கள். புள்ளி நின்றதோ அந்த மூன்றுக்கும் தெற்கே, பேர்கூடத் தெரியாத நாலாவது வாய்க்காலில். இடத்தை யூலிக்கு அனுப்பினாள். ஒற்றை டிக்.

மகேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒன்னு கேக்குறேன், கோவிச்சுக்காத. அந்தப் பொண்ணைப் பேங்காக்ல மூணு நாளு பாத்திருக்க. அப்புறம் வாட்சாப். அவ்வளவுதான? அவளும் அவனுங்க ஆளா இருந்தா?"

அந்தக் கேள்வி அரை மணி நேரமாக மாதுமையின் மண்டைக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது, அதுதான் கொடுமை.

"அவளோட தலைவர் நம்பர் எங்கிட்ட இருக்கு" என்றார் மகேந்திரன். "கோலாலம்பூர்ல ஒரு தடவை சாப்பிட்டிருக்கோம், நல்ல மனுஷன். முறைப்படி அவர்கிட்டதான் சொல்லணும். இடத்தைச் சொன்னா அரை மணியில ஆளு அனுப்புவாரு." நம்பரை எடுத்துவிட்டார். கட்டைவிரல் பச்சைப் பொத்தானுக்கு மேல் நின்றது.

"சார், வேணாம்."

"ஏன்?"

"யூலி என்கிட்ட ஒன்னே ஒன்னுதான் கேட்டா. 'நான் கூப்பிடுற வரைக்கும் எங்க ஆபீஸ்ல யாரையும் கூப்பிடாத'ன்னு. நான் சரின்னேன்."

"ஏன்னு கேட்டியா?"

"கேக்கல."

"கேக்கலையா! நானூறு உசுரு, உன் வேலை, என் பேரு, எல்லாத்தையும் தூக்கி ஒரு வாட்சாப் பொண்ணு கையில குடுத்துட்டு, ஏன்னுகூடக் கேக்கலையா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. மாதுமைக்கே அது தெரிந்தது. மூளை அவர் பக்கம்தான் நின்றது. ஆனால் வாக்குக் கொடுத்தது மூளை இல்லையே. "நாலரை வரைக்கும் சார். அதுக்குள்ள அவ கூப்பிடலன்னா நீங்க அடிங்க. நான் இங்கேயே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போறேன்."

மகேந்திரன் போனை மேசையில் வைத்தார். அணைக்கவில்லை.

நாலு மணிக்குப் புள்ளி நிலத்தில் ஏறியது. நாலு பத்துக்கு ஒரே இடத்தில் நின்றது. கொட்டகையாக இருக்க வேண்டும். நாலு இருபதுக்குக் கால்வின் கூப்பிட்டு, "மேடம், தவுக்கே பல்லு குத்திக்கிட்டு வாசல்ல நிக்கிறான், என்னா செய்ய?" என்றார். "இருங்க அண்ணே, இருங்க" என்றாள். நாலு இருபத்தைந்துக்கு மகேந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. முட்டாளே, முட்டாளே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். குருவிகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாயே!

நாலு இருபத்தெட்டுக்குப் போன் அலறியது. தெரியாத நம்பர், வீடியோ அழைப்பு. திரையில் முகம் முழுக்கச் சேறு, தலையில் ஒரு தென்னோலைத் துண்டு, காது வரைக்கும் சிரிப்பு.

"காக் மாது! பிடிச்சாச்சு! எல்லாரையும் பிடிச்சாச்சு!"

யூலி! மாதுமையைக் 'காக்', அக்கா, என்று கூப்பிடுகிறவள் வேறு யார்? பின்னால் முப்பத்தெட்டுக் கூடைகள், அவற்றுக்குள் நானூறு தொண்டைகள். கோப்பிக்கடை முழுக்கக் குருவிச் சத்தம்.

"கால்வின் அண்ணே, தூக்குங்க!" என்று இன்னொரு போனில் கத்தினாள் மாதுமை. "தூக்கியாச்சு மேடம்" என்று ஒரே நிமிஷத்தில் பதில் வந்தது. "பல்குச்சி இன்னும் வாயிலதான் இருக்கு."

"எத்தனை, யூலி?"

"நானூற்றுப் பதினெட்டு." யூலியின் சிரிப்புக் குறைந்தது. "ஆறு செத்துப்போச்சு காக். மன்னிச்சுக்கோ."

மாதுமை அந்த ஆறுக்காக அழுதாள், மற்றதுக்காகச் சிரித்தாள், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தாள். கடைக்காரர் கேட்காமலே டிஷ்யூப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

மகேந்திரன் போனுக்குள் தலையை நீட்டினார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது, ஆனால் குரலை அதிகாரமாக வைத்துக்கொண்டார். "ஏம்மா, போனை ஏன் அணைச்சு வெச்ச? எங்களுக்கு உயிரே போச்சு" என்று மலாயில் கேட்டார்.

"எங்க ஆபீசுல யாரோ சேதி சொல்லிக் குடுக்கிறாங்கன்னு ஒரு வருஷமாச் சந்தேகம் துவான். யாருன்னுதான் தெரியல. அதனால சரக்கு இன்னிக்கு வருதுன்னு மேலே யார்கிட்டயும் சொல்லல, கிளம்பும்போதே எல்லார் போனையும் வாங்கி ஒரு வாளியில போட்டுப் பூட்டினேன். என்னோடதையும். என் தங்கச்சியோட டேப்லெட்ல, காக் முன்னமே குடுத்திருந்த பாஸ்வேர்டைப் போட்டு, புள்ளியை மட்டும் பார்த்துக்கிட்டே வந்தோம். இது படகுக்காரனோட போன்."

"நான் உங்க தலைவரைக் கூப்பிட இருந்தேன், தெரியுமா? நம்பர்கூட எடுத்துட்டேன். இவதான் விடல."

யூலி போனை மெல்லத் திருப்பிக் காட்டினாள். கொட்டகைக்குள் ஒரு மேசை, இரண்டு கிளாஸ் டீ, ஒரு தட்டில் பிசாங் கோரெங் என்கிற வாழைப்பழப் பஜ்ஜி. மேசைக்கு இந்தப் பக்கம் வாங்குகிறவன். அந்தப் பக்கம், சலவைச் சட்டையோடு, தலையைக் குனிந்தபடி இன்னொருவர். இரண்டு பேர் கையிலும் விலங்கு.

மகேந்திரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கழற்றிவிட்டு மறுபடி மாட்டிப் பார்த்தார்.

"நாங்க உள்ள நுழைஞ்சப்ப ரெண்டு பேரும் டீ குடிச்சிக்கிட்டிருந்தாங்க துவான்" என்றாள் யூலி. "அவரோட போன் இதே மேசை மேலதான் இருந்துச்சு. நீங்க அடிச்சிருந்தா முதல் ரிங்லயே எடுத்திருப்பார்."

போனில் குருவிகள் பாடிக்கொண்டே இருந்தன. மகேந்திரன் தன் போனை எடுத்து, திரையில் இன்னும் நின்றுகொண்டிருந்த நம்பரை அழித்தார். பிறகு மாதுமையைப் பார்த்துச் சொன்னார்:

"அடுத்த தடவை எந்த இடம், எந்த ஆளு, ஒன்னும் என்கிட்டகூட சொல்லாதம்மா."